பவளப்பாறை அலைக்கு ஒரு பயணம்: கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

"மாமா, சர்ஃபிங் பற்றி உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கணும்" என்று என் அக்கா மகன் போன் செய்தபோது, பிரவுசரில் ஏதோ பிரச்னை என்றுதான் நினைத்தேன். நமக்கெல்லாம் சர்ஃபிங் என்றால் இன்டர்நெட்டில் உலா வருவதுதானே! அவன் கேட்டது நிஜ சர்ஃபிங். பலகையின் மேல் நின்று கடல் அலையில் சறுக்கும் விளையாட்டு. கல்லூரி நாள்களிலிருந்தே சென்னையை அடுத்த கோவளம் கடலில் பழகியவன். இப்போது மூன்று நண்பர்களுடன் இந்தோனேஷியாவின் மெந்தாவாய் தீவுகளுக்குப் போக ஆசை. அக்காவோ, "தம்பி, நீ எல்லாவற்றையும் பார்த்து சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவனும் நானும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தோம். அப்போது நாங்கள் செய்தவற்றை இங்கு தருகிறேன். உங்களுக்கு அலைச்சறுக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், எட்டாத தொலைவில் உள்ள எந்த இடத்திற்கும் இதே வழியில் திட்டமிடலாம்.

எங்கே இருக்கிறது?

சுமத்ரா தீவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் மெந்தாவாய் தீவுகள் உள்ளன. சிபெருட், சிபோரா, வட பாகாய், தென் பாகாய் என நான்கு பெரிய தீவுகள். சிபோராவின் தென்முனையில் உள்ள காத்தியெட் கிராமத்தின் எதிரே, உலகெங்கும் உள்ள சர்ஃபர்கள் தேடி வரும் அலை உடைகிறது. 1991ல் இங்கு வந்து சறுக்கிய லான்ஸ் நைட் என்ற ஆஸ்திரேலியரின் பெயரால் இதனை லான்ஸஸ் ரைட் என்று அழைக்கின்றனர். கோவளத்தில் விழுந்தால் பெரும்பாலும் மணல். இங்கு விழுந்தால் கீழே பவளப்பாறை. அலை முடியும் இடத்தில் உள்ள ஆழமற்ற பாறைப் பகுதிக்கு சர்ஃபர்கள் வைத்துள்ள பெயர் "அறுவை சிகிச்சை மேஜை". இந்தப் பெயரை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை.

முதலில் ஒரு போல்டர்

இணையத்தில் தேடத் தொடங்கும் முன், டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ஒரு போல்டர் உருவாக்கி, அதற்குப் பயணத்தின் பெயரைக் கொடுங்கள். அதனுள் வரைபடம், அலை, டிக்கெட், பணம், ஆபத்து என ஐந்து துணை போல்டர்கள். பயனுள்ள பக்கத்தைப் பார்த்தவுடன் பிரிண்ட் கட்டளை கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாக பி.டி.எப். ஆக சேவ் செய்திடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, உரிய போல்டரில் வைத்துவிடுங்கள். புக்மார்க் மட்டும் போட்டால், இணைய இணைப்பு இல்லாத இடத்தில் அது உதவாது.

வானிலிருந்து ஒரு பார்வை

அடுத்து கூகுள் எர்த் புரோ. இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடலாம். தேடல் கட்டத்தில் தீவின் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால், பூமி உருண்டு அந்த இடத்தில் போய் நிற்கும். மவுஸ் வீலைச் சுழற்றி நெருங்கிப் பாருங்கள். அடர் நீலம் ஆழ்கடல். வெளிர் பச்சையும் பழுப்புமாகத் தெரிவது பாறை. வெள்ளைக் கோடு அலை உடையும் இடம்.

டூல் பாரில் கடிகாரப் படம் உள்ள ஐகானில் கிளிக் செய்தால், அதே இடத்தின் பழைய படங்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒரு படத்தில் அமைதியாகத் தெரியும் கடல், இன்னொன்றில் நுரையாக இருக்கும். ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது இதில் புரியும். ஸ்கேல் போன்ற ஐகான் தூரத்தை அளந்து காட்டும். பின் வடிவ ஐகான் மூலம் தங்குமிடம், படகுத்துறை, அலை உடையும் இடம் மூன்றையும் குறித்துக் கொண்டோம். ஆனால் பாறைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை இந்தப் படம் சொல்லாது. உள்ளூர்க்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அலை எங்கிருந்து வருகிறது?

மெந்தாவாய் அலைகள் அங்கே பிறப்பவை அல்ல. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் 40 டிகிரி அட்சரேகைக்கும் கீழே சுழலும் புயல்கள் அவற்றை உருவாக்குகின்றன. ஆண்டின் நடுப்பகுதி அங்கே குளிர்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புயல்கள் வலுவாக இருப்பதால் மெந்தாவாயில் அலையும் பெரிதாக இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுவான சீசன்.

பையன்கள் முதலில் ஜூலை மாதம் என்றுதான் திட்டமிட்டிருந்தனர். பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஜூலையில் எடுத்தவையாம். "இதுவரை நீ சறுக்கிய பெரிய அலை எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன். "தலை உயரம் இருக்கும் மாமா" என்றான். ஜூலையை அழித்து ஏப்ரல் என்று டைப் செய்தேன். முகம் வாடினாலும் மறுப்பு சொல்லவில்லை.

விண்டி, சர்ஃப்லைன் போன்ற தளங்களில் அலை முன்னறிவிப்பு கிடைக்கும். பழைய கட்டுரைகளில் பெரிதும் பரிந்துரைக்கப்படும் மேஜிக்சீவீட் 2023ல் சர்ஃப்லைனுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இத்தளங்களில் மூன்று எண்களைக் கவனியுங்கள்.

1. அலை உயரம்: மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி இது. 1.5 மீட்டர் என்று காட்டினால் எல்லா அலையும் 1.5 மீட்டர் என்று பொருள் இல்லை. இடையிடையே ஏறத்தாழ இரு மடங்கு உயரமுள்ள அலையும் வரலாம்.

2. அலை இடைவெளி: ஓர் அலை முகடு கடந்து அடுத்தது வர எத்தனை வினாடி என்பது. புதியவர்கள் உயரத்தை மட்டும் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள். ஆழ்கடலில் 8 வினாடி அலையின் நீளம் 100 மீட்டர். 16 வினாடி அலைக்கு 400 மீட்டர். உயரம் ஒன்றே என்றாலும், இரண்டாவது அலை சுமந்து வரும் நீர் பல மடங்கு. ஆழத்திலிருந்து சட்டென எழும் பாறையில் அது மோதும்போது, எண்ணில் சிறிதாகத் தெரிந்த அலை கண் முன்னே பெரிதாக எழும்.

3. திசை: அலையின் திசை, காற்றின் திசை இரண்டையும் பாருங்கள். காத்தியெட்டில் கடல்முனையின் இரு பக்கமும் அலைகள் உள்ளன. ஒன்றைக் கெடுக்கும் காற்று மற்றதற்கு ஒத்துவரும்.

ஒரு சிறு கணக்கு

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறங்கள். அலை இடைவெளியை 2.8 ஆல் பெருக்கினால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்பது கிடைக்கும். 16 வினாடி என்றால் 44.8 கி.மீ. புயல் 45 டிகிரி தெற்கில் உருவானால், மெந்தாவாய்க்கு ஏறத்தாழ 4,800 கி.மீ. வகுத்துப் பாருங்கள்: 107 மணி நேரம், அதாவது நாலரை நாள். 12 வினாடி அலைக்கு ஏறத்தாழ ஆறு நாள். எனவேதான் நீண்ட இடைவெளி கொண்ட வலுவான அலைகள் முதலில் வந்து சேர்கின்றன. கடல் அமைதியாக இருக்கிறதே என்று நினைக்கும்போது வந்து இறங்குபவை இவைதான்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியும். முன்னறிவிப்பை ஒரு வாரம் வரை ஓரளவு நம்பலாம். இரண்டு மாதம் கழித்துச் செல்லும் பயணத்திற்கு அது பயன்படாது. டிக்கெட் எடுப்பது சீசனைப் பார்த்து. கடலில் இறங்குவது அந்த வார முன்னறிவிப்பைப் பார்த்து.

கடிகாரத்தைக் கவனியுங்கள்

கடல்மட்டம் ஏறி இறங்குவது நிலவும் சூரியனும் நடத்தும் வேலை. இந்த அட்டவணையை ஓராண்டுக்கு முன்பே கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். ஆழமற்ற பாறையில் அரை மீட்டர் இறங்கினாலே ஆபத்து கூடும். எனவே எங்கள் அச்சுப் பிரதியில் முதல் இடம் இதற்குத்தான்.

இதில் ஒரு தவறு நேர்ந்தது. அக்கா மகன் தயாரித்த பட்டியலில் ஒரு நாள் கடல்மட்டம் மிகக் குறைவது காலை 7.30 மணிக்கு என்றிருந்தது. "ஒன்றரை மணி நேரம் கழித்து, தண்ணீர் ஏறியதும் 9 மணிக்கு இறங்குவோம்" என்று எழுதியிருந்தான். எனக்கு ஒரு சந்தேகம் வந்து சரி பார்த்தேன். அந்தத் தளம் நேரத்தை நம் கம்ப்யூட்டரின் கடிகாரப்படி, அதாவது இந்திய நேரத்தில் காட்டியிருக்கிறது. மேற்கு இந்தோனேஷியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே கடல் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் சரியாக 9 மணி! பாறை வெளியே தலைகாட்டும் நேரத்தில் நால்வரும் இறங்கியிருப்பார்கள்.

எந்தத் தளமானாலும், நேரத்தின் பக்கத்தில் என்ன குறிப்பு இருக்கிறது என்று பாருங்கள். யு.டி.சி. என்றிருந்தால் அங்குள்ள நேரத்திற்கு 7 மணி நேரம் கூட்ட வேண்டும். இந்திய நேரமாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

எக்ஸெல் பட்டியல்

எக்ஸெல் தொகுப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படுக்கை வரிசை அமைத்தோம். நெட்டு வரிசைகளில் தேதி, கடல்மட்டம் குறையும் நேரம், அலை உயரம், இடைவெளி, காற்று, கடைசியாக முடிவு. இடைவெளி 15 வினாடிக்கு மேல் இருந்து கடல்மட்டமும் குறைவாக இருந்தால், கடைசி செல்லில் "இறங்க வேண்டாம்" என்று எழுத வேண்டும். இது எல்லோருக்குமான அளவு அல்ல. இந்த நால்வரின் பழக்கத்தைக் கேட்டு வைத்தது. ஊரில் இருக்கும்போதே விதியை எழுதிவிட்டால், அலையைப் பார்த்த உற்சாகத்தில் அதை மாற்றத் தயக்கம் இருக்கும்.

செலவுக்கும் ஒரு ஒர்க் ஷீட் போட்டோம். இங்கு ஓர் எச்சரிக்கை. இந்தோனேஷியாவில் ஆயிரத்தைப் பிரிக்க கமாவிற்குப் பதில் புள்ளி வைப்பார்கள். ஐந்து லட்சம் ரூபியா என்பதை 500.000 என்று எழுதுவார்கள். இமெயிலில் வந்த அந்த எண்ணை அப்படியே காப்பி செய்து எக்ஸெல்லில் ஒட்டினால், நம் ஊர் அமைப்பில் அது வெறும் 500 ஆகிவிடும். எங்கள் மொத்தச் செலவு வியக்கத்தக்க வகையில் குறைந்து காட்டியபோதுதான் இது தெரிந்தது. புள்ளிகளை நீக்கிவிட்டு டைப் செய்திடுங்கள்.

திரும்பி வருவதிலிருந்து தொடங்குங்கள்

சென்னையிலிருந்து கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து சுமத்ராவின் பாடாங் நகருக்கு விமானம் பிடிக்கலாம். பாடாங்கிலிருந்து சிபோராவின் வடமுனையில் உள்ள துவாபெஜாட்டுக்கு விரைவுப் படகில் சில மணி நேரப் பயணம். அதன் பின் தென்முனைக்கு ஸ்பீட் போட்.

எல்லோரும் போகும் விமான டிக்கெட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். விரைவுப் படகு எந்தக் கிழமைகளில் திரும்புகிறது என்று முதலில் பார்த்து, அதற்கு மறுநாள் ஒரு நாள் காலியாக விட்டு, அதன் பிறகே விமானம். கடல் கொந்தளித்தால் படகு கிளம்பாது. அந்த ஒரு நாள் இல்லையெனில் விமான டிக்கெட் பணம் போய்விடும். சர்ஃப் பலகையின் நீளத்திற்கு விமான நிறுவனங்களில் வரம்பும் தனிக் கட்டணமும் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள்.

இந்தியர்கள் இந்தோனேஷியாவில் இறங்கியவுடன் 30 நாள் விசா பெறலாம். இணையத்திலும் முன்கூட்டியே பெறலாம். அந்நாட்டு அரசுத் தள முகவரிகள் "டாட் கோ டாட் ஐடி" என்று முடியும். தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் சில, அரசுத் தளம் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் கேட்கும். மெந்தாவாயில் சர்ஃபர்களுக்குத் தனி வரியும் உண்டு. இவற்றின் தொகையும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் மீண்டும் ஒருமுறை சரி பாருங்கள்.

தங்குமிடத்திற்கு முன்பணம் கேட்டால், முகவரிக் கட்டத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. அவர்கள் தளத்தில் உள்ள போட்டோவை கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடுங்கள். அதே அறை வேறு பெயரில், வேறு நாட்டில் இருந்தால் விலகிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு சொல்லைத் தேடுங்கள்

பயண இன்ஷூரன்ஸ் எடுத்தாகிவிட்டது என்றான். பாலிசியின் பி.டி.எப். பைல் பல பக்கங்கள். யார் படிப்பது? பைலைத் திறந்து கண்ட்ரோல் + எப் அழுத்தி, சர்ஃபிங் என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து என்டர் தட்டினேன். ஒரே இடத்தில்தான் இருந்தது. "இழப்பீடு கிடைக்காதவை" என்ற பட்டியலில்! அந்தப் பாலிசியை ரத்து செய்து, இவ்விளையாட்டையும் அவசர மருத்துவ இடமாற்றத்தையும் ஏற்கும் வேறொன்றை எடுத்தோம். துவாபெஜாட்டில் மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் கடல் கடந்து பாடாங் வர வேண்டும். தீவுகளில் மலேரியா இருப்பதால் புறப்படும் முன் மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன்.

நிலம் அதிர்ந்தால்

2010 அக்டோபர் 25 அன்று மெந்தாவாய்க்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டு, சுனாமியில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதிர்வு பலமாக உணரப்படவில்லை. மெதுவாக, ஆனால் நீண்ட நேரம் நீடித்தது. அதனால் பலர் இடம்பெயரவில்லை. இந்தோனேஷிய வானிலை அமைப்பான பி.எம்.கே.ஜி. எச்சரிக்கை வெளியிடும், சிக்னல் இல்லாத போனுக்கு அது வராது. எனவே கூகுள் எர்த்தில் தங்குமிடத்திலிருந்து அருகிலுள்ள மேட்டு நிலத்திற்குப் பாதையைத் தேடி, தூரத்தை அளந்து, படமாக சேவ் செய்தோம். மெல்லிய அதிர்வானாலும் நீண்ட நேரம் நீடித்தால், தகவலுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்று அதன் கீழே டைப் செய்தோம். போய்ச் சேர்ந்த அன்றே அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்க்கும்படியும் சொன்னேன்.

இணையம் இல்லாத இடத்தில்

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தீவுக்குச் சென்றேன். படகு டிக்கெட் இமெயிலில் இருந்தது. துறைமுகத்தில் சிக்னல் இல்லை. கம்ப்யூட்டர் பற்றி ஊருக்கே எழுதும் நான், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நிற்க, படகு என் கண் முன்னே கிளம்பிப் போனது. அன்றிலிருந்து பின்பற்றும் பட்டியல் இது.

1. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் போனில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி.

2. கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை ஆப்லைன் வரைபடமாகவும், கூகுள் டிரான்ஸ்லேட்டில் இந்தோனேஷிய மொழியையும் டவுன்லோட் செய்து கொள்ளவும்.

3. விமானப் பயன்முறையில் போனை வைத்து, எல்லா பைலும் திறக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கவும்.

4. வீட்டில் இருப்பவருக்கும் ஒரு பிரதி. அதில் எந்தெந்த நாள்களில் போன் வராது என்றும் எழுதி வைக்கவும்.

என்ன நடந்தது?

ஏப்ரலில் போய், பத்து நாளில் திரும்பி வந்தார்கள். பாடாங்கில் படகு ஏறும் முன் எடுத்த முன்னறிவிப்பில், தீவில் மூன்றாம் நாள் 17 வினாடி இடைவெளி காட்டியிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் காலையில் கடல்மட்டமும் குறைவு. நால்வரில் ஒருவன், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு உட்கார்ந்திருப்பதா?" என்று கேட்டானாம். காகிதத்தைக் காட்டி உட்கார வைத்திருக்கிறான் என் அக்கா மகன். அன்று வேறொரு குழுவில் ஒருவர் முதுகெல்லாம் பாறை கிழித்துக் கரையேறினார். மறுநாள் அலை தணிந்து, தண்ணீரும் ஏறிய பின் இவர்கள் இறங்கினார்கள். அவன் இதுவரை சறுக்கியதில் மிக நீண்ட அலை அன்றுதான் கிடைத்ததாம். அதைச் சொல்லும்போது கையை நீட்டிக் காட்டி என் மேஜையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டான்.

நடுவே இரண்டு நாள் அவனிடமிருந்து போன் இல்லை. அக்காவிற்கு நானே போன் செய்து பயப்பட வேண்டாம் என்றேன். "எனக்குத் தெரியும்டா. இந்த இரண்டு நாள் போன் வராது என்று உன் காகிதத்தில் போட்டிருக்கிறதே. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்" என்றார்.

அடுத்த பயணத்திற்கு நீங்களும் ஒரு போல்டர் உருவாக்கித் தொடங்குங்கள். பிரிண்டரில் மை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக் கொள்ளுங்கள்.